ஆறு பொட்டு

அந்தப் பையக் கீழ வெக்காத கண்ணு, மடியில வெச்சுக்க. இந்த டிரைவரு ஒரு பிரேக்குப் போட்டான்னா அது முன் சீட்டு வரைக்கும் ஓடிரும். உள்ள இருக்கறது மடக்குற கம்பூட்டரு தான? எனக்குத் தெரியும். அதுல படத்த நிறுத்தி நிறுத்தி, சுத்தற சாமானத்து மேல புள்ளி வெச்சுக்கிட்டே போவாங்களே, அது உனக்கு வருமா? வராதா? ஆடிட்டரு ஆபீசா? சரி உடு. எல்லாரும் எல்லாத்தையும் கத்துக்க முடியுமா.

நான் ஆலாம்பாளையம் பிரிவுல எறங்கோணும். வந்தா ஒரு சத்தங் குடு. என்ற மருமவ பொறந்த ஊடு அங்கதான். பேத்தியப் பாக்கப் போறன். பாக்க உடுவாளோ, வாசல்லயே நிக்க வெப்பாளோ. என்ற பையன் போன்ல சொல்லிப்போட்டான், "ஏம்மா, நீ வர்றதா இருந்தா அந்த ஒரு வார்த்தையச் சொல்றதுக்கு வா. வெறும் முறுக்குப் பையத் தூக்கீட்டு வராத"ன்னு. பெத்தவகிட்டப் பேசற பேச்சா இது? முறுக்குன்னா அந்தப் புள்ளைக்கு உசுரு. அதுவும் நான் சுட்டதுன்னா. அவிய அமுச்சி, மருமவளப் பெத்தவ, அவ சுட்டா கல்லு மாதிரி இருக்கும், அந்தம்மா மாவ அரைக்கவே மாட்டா, கடையில வாங்குவா.

என்ன வார்த்தையா? சொல்றன் இரு. மொதல்ல இருந்து சொன்னாத்தான் உனக்கு ஞாயம் வெளங்கும். அப்பறம் நீயே சொல்லு, தப்பு என்ற மேலயா, அவ மேலயான்னு.

எங்கூருப் பக்கம் பூராவும் நார் மில்லுதான். தேங்கா மட்டையப் போட்டா ஒரு பக்கம் நாராவும் ஒரு பக்கம் தூளாவும் கொட்டும். தும்மி தும்மி மூக்கே செவந்து போவும். என்ற மருமவ திலகமணி அங்கதான் வேலைக்குப் போனா. பையன் கனகராசு லாரிக்காரன், பாலக்காட்டுப் பக்கம் போனான்னா என்னைக்கு வருவான்னு அவனுக்கே தெரியாது. ஊட்டுல நானு, அவ, பேத்தி தர்ஷினி. நானும் அவளும் சண்ட போட்டதே இல்ல, தெரியுமா? தெருவுல கேட்டுப் பாரு. எதுத்த ஊட்டு மாராத்தா மருமவ சோத்துச் சட்டியத் தூக்கி வாசல்ல வீசுனா. நெய்ச்சோறு வேற அன்னைக்கு. நாயிக்குத்தான் கொண்டாட்டம். எங்கூட்டுல அந்த மாதிரியெல்லாம் ஒண்ணும் கெடையாது.

மில்லுல அந்த நார் மிஷினுக்குப் பக்கவாட்டுல பெரிய சக்கரம் ஒண்ணு. என்ற ஒசரம் இருக்கும். அதுல பெல்ட்டு ஓடும். நடுவுல இருந்து சுத்தியும் ஆறு ஆரம், மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இருக்குமே, அந்த மாதிரி. அதுமேல ஆரு கையும் படக்கூடாதுன்னு கம்பி வலை போட்டு ஒரு கூண்டு மாட்டியிருந்தாங்க. கூண்டு இருந்தா ஒண்ணுந் தெரியாது, சத்தம் மட்டுந்தான் கேக்கும்.

ஆயுத பூசைக்கு என்னையும் கூப்புட்டாங்க. பொரியும் கடலையும் குடுப்பாங்கன்னு போனேன்னு நெனச்சுக்காத. திலகமணிதான் வாங்கன்னா. அன்னைக்குத்தான் எல்லாத்தையும் கழுவி உடுவாங்க. கூண்டோட போல்ட்டக் கழட்டி, அத அலசிச் செவுத்துல சாத்தி வெச்சாங்க. சக்கரத்தையும் தொடச்சு, சந்தனம் பூசி, பொட்டு வெக்கற வேல திலகமணிக்கு. கை சுத்தம் அவளுக்கு. குங்குமச் சிமிழுல பாத்தா அடியில ஒட்டிக் கெடக்குது. மொதல்லயே எவனோ எடைபோடற தராசுக்கும், மொதலாளி காருக்கும் அள்ளி அப்பிட்டான். இவ வழிச்செடுத்து, மேல நின்ன ஒரே ஒரு ஆரத்துல பெருசா ஒரு பொட்டு வெச்சா. நான் கேட்டேன், "ஏன் திலகா, மத்ததெல்லாம் மூளியா நிக்குதே?" "ஒண்ணு போதுமுங்கத்தை, சாமி கோவிச்சுக்காது"ன்னா. அவ பேச்சே அப்படித்தான். எதையும் பெருசு பண்ண மாட்டா.

கோவிச்சுக்கிச்சோ என்னமோ, அது வேற கத.

பூசை முடிஞ்சு மிஷின ஓட்டிட்டாங்க. சரக்கு அவசரம், கப்பலுக்குப் போவோணுமாமா. கூண்டு செவுத்துலயே சாஞ்சு கெடக்குது. நான் அடுப்புக்கு மட்டைக்கழிவு எடுக்கப் போவேன் அங்க, அப்பப்பப் பாப்பேன். கெடக்குது, கெடக்குது, அப்படியே கெடக்குது. எங்கூட்டுலயோ கீரிப்புள்ள தொந்தரவு. அந்த வருசம் ஒரு வெடக்கோழி வெச்சிருந்தேன் கண்ணு, கழுத்துல பொன்னு கட்டுன மாதிரி மயிரு. அதத் தூக்கீட்டுப் போயிருச்சு. அதுக்கு முன்னால ஒரு சேவலு. நான் சோறு திங்காம கெடந்தேன். சிரிக்காத, கோழி வளத்தவியளுக்குத்தான் தெரியும். வாட்ச்மேன் ரங்கண்ணன்கிட்டச் சொல்லிப் பொலம்புனேன். அவரு, "அந்தக் கூண்ட வேணும்னா எடுத்துட்டுப் போ ஆத்தா. இங்க எவன் மாட்டப் போறான். போல்ட்டே தொலஞ்சு போச்சு"ன்னாரு. அவரே அவரோட வண்டியில வெச்சுக் கட்டிக் கொண்டாந்து குடுத்தாரு. படுக்கப் போட்டுக் கோழி மேல கவுத்து வெச்சா அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்குது. கீரி வந்து சுத்திச் சுத்திப் பாத்துட்டு, நகத்துல பெராண்டிப் பாத்துட்டுப் போச்சு. அன்னைக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்குனேன்.

ஏங்கண்ணு அப்படிப் பாக்கற? திருடிட்டேன்னு நெனக்கறயா? குடுத்துத்தான் எடுத்தேன். சும்மா துருப்புடிச்சுக் கெடந்தது.

திலகமணியும் பாத்தா. சாயங்காலம் வேலை உட்டு வந்தவ, முந்தானையில மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு, "இத எதுக்குங்கத்தை கொண்டாந்தீங்க, மில்லுல கேட்டாங்கன்னா?"ன்னா. "கேட்டாக் குடுத்துப்போட்டாப் போவுது"ன்னேன். அதோட சரி. தெனமும் காத்தால அந்தக் கூண்டத் தூக்கிக் கோழிய வெளிய உடறதே அவதான்.

அப்பறம் ஒரு வாரம் போயிருக்கும். கனகராசோட பழைய முழுக்கைச் சட்டையச் சேலை மேல போட்டுக்கிட்டுத்தான் போவா, மில்லுக்குப் போற பொம்பளைவ எல்லாருமே அப்படித்தான் போவாங்க, தூசி ஒட்டாதுன்னு. கையி தொளதொளன்னு தொங்கும். நான் மடக்கி உட்டுக்க மடக்கி உட்டுக்கன்னு சொல்லியிருக்கறன். சொல்லியிருக்கறனா இல்லையான்னு இப்ப நெனப்பில்ல. சொல்லியிருப்பேன்.

வலது கை. முழங்கைக்கு மேல வரைக்கும் போச்சு.

அதப் பத்தி நான் சொல்ல மாட்டேன் கண்ணு. கோயமுத்தூரு ஆஸ்பத்திரியில தர்ஷினி கேட்டா, "அம்மா கைய எங்க வெச்சிருக்கறாங்க அப்பத்தா?"ன்னு. சரி, அத உடு.

ஆஸ்பத்திரியில அவ கெடக்கறப்ப மேனேஜரு எனக்கு ஆள் அனுப்புனாரு. சந்திரமோகன்னு பேரு. நல்ல மரியாதக்காரரு. அந்த ஏசி ரூமுல என்னைய நாற்காலியில உக்கார வெச்சாரு கண்ணு. எத்தன வருசமா அந்த மில்லு வாசல்ல மட்டை பொறுக்கறேன், ஒருத்தன் உக்காருன்னு சொன்னதில்ல. காப்பி வந்துச்சு, கண்ணாடி டம்ளருல. குளுரு தாங்காம நான் முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டேன், அதப் பாத்துட்டு அவரே எந்திரிச்சுப் போயி அந்த மிஷினக் கொறச்சு வெச்சாரு. "அம்மா, நீங்க பெரியவங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க"ன்னு டிவியில அந்தப் படத்தப் போட்டாரு. மேல மூலையில கேமரா வெச்சிருக்காங்களாமா.

பாத்தேன். இந்தக் கண்ணுல பாத்தேன். மிஷினு தெரியுது, அந்தச் சக்கரம் தெரியுது. சக்கரம் நிக்குது கண்ணு. சும்மா கோயில் தேரு நெலையில நிக்கற மாதிரி நிக்குது. ஆறு ஆரமும் எண்ணிக்கலாம். ஆறுலயும் மங்கலாக் குங்குமப் பொட்டு, அம்மன் மாதிரி அத்தன லட்சணம். திலகமணி கூடையத் தூக்கீட்டு வர்றா. சக்கரத்துக்கிட்டக் குனியறா. அப்பறம் உளுவறா. சத்தமில்லாத படம். ரவ நேரந்தான்.

மேனேஜரு சொன்னாரு, "நின்னுக்கிட்டிருந்த மிஷின்ல கைய உட்டு நாரச் சுத்தம் பண்ணப் போயி, அவங்களே தெரியாமச் சுவிட்சத் தட்டிட்டாங்க. நாங்க என்னம்மா பண்ண முடியும்?" எனக்கும் ஆமான்னுதான் பட்டுச்சு. கண்ணால பாத்ததுக்கு மேல என்ன இருக்குது. "ஆமாங்க சார், சக்கரம் நிக்கத்தான் செய்யுது"ன்னேன். ஊருல வந்து கேட்டவிகளுக்கெல்லாம் அதையேதான் சொன்னேன். மாராத்தாகிட்டச் சொன்னேன். ரேசன் கடையில சொன்னேன். பொய்யா சொன்னேன்?

அவ ஊட்டுக்கு வந்த பொறவு அது அவ காதுக்குப் போயிருச்சு. எல்லாம் மாராத்தா வேலதான். சோறு பெசைய இடது கையில பழகிக்கிட்டிருந்தவ, தட்டத் தள்ளி வெச்சுப்போட்டுக் கேட்டா.

"ஏனுங்கத்தை, நின்னுக்கிட்டிருந்த சக்கரம் என்ற கையை எப்படி இழுத்துச்சு?"

"நீதான் சுவிட்சத் தட்டீட்டயாமா."

"சுவிட்சு எங்க இருக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு? செவுத்துக்கு அக்கட்டால, அடுத்த ரூமுல."

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும் திலகா? நான் பாத்ததச் சொன்னேன்."

"நான் பக்கத்துல நடந்துதான் போனேன். சட்டைக் கையி சிக்கிருச்சு. ஓடிக்கிட்டிருந்துச்சு அது."

நான் என்ன பண்ணுவேன் சொல்லு. அந்தப் பக்கம் படம். இந்தப் பக்கம் வாய்ப்பேச்சு. "சரி சாமி, நீ சாப்புடு"ன்னு தட்ட நகத்தி வெச்சேன். சாப்புடல.

நட்ட ஈடு கேட்டுக் கேசு போட்டாங்க. வக்கீலு ஒரு டீச்சரம்மாவக் கூட்டீட்டு வந்தாரு. ஹசீனான்னு பேரு, பாலிடெக்னிக்குல பிசிக்ஸ் சொல்லிக் குடுக்கறாங்களாமா. சின்ன வயசுதான், பாத்தாக் கட்டிக்குடுத்த பொண்ணு மாதிரியே இல்ல. பசங்களுக்குப் பம்பரத்தப் படம் புடிச்சு, சைக்கிள் சக்கரத்தப் படம் புடிச்சு, கம்பூட்டருல புள்ளி வெச்சு, எத்தன வேகத்துல சுத்துதுன்னு காட்டுவாங்களாமா. மில்லுப் படத்தோட காப்பி கோர்ட்டு வழியா வாங்கி வந்திருந்தாங்க. எங்கூட்டு உள்ள ஒரே இருட்டு, மேசையும் கெடையாது. "வெளியவே உக்காரலாம் பாட்டி"ன்னாங்க. நான் என்ன பண்ணுனேன், கோழிக் கூண்டு மேல ரெண்டு சாக்கப் பரத்தி, இதுல வெய்யுங்கன்னேன். அளவான ஒசரம். கம்பூட்டர அதுமேல வெச்சு, டீச்சரு முக்காலியில உக்காந்துட்டாங்க. உள்ள இருந்து கோழி கொக்கொக்குங்குது. டீச்சருக்கு ஒரே சிரிப்பு. திலகமணி மட்டும் சிரிக்கல. நின்னுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டிருந்தா. கம்பூட்டரத்தான் பாக்கறாளாக்கும்னு நெனச்சேன்.

அதுல சக்கரத்து நடுவுல குறுக்கால ரெண்டு கோடு போட்டாங்க. ஒரு ஆரத்து நுனியில வட்டம் போட்டாங்க. "இனிமே இது தானாவே இந்த எடத்தத் தேடிப் புடிச்சு, ஒவ்வொரு படத்துலயும் புள்ளி வெச்சுக்கிட்டே போவும் பாட்டி"ன்னு ஒரு அமுக்கு அமுக்குனாங்க. ஓடுது. புள்ளி உளுவுது. புள்ளி மேல புள்ளி, புள்ளி மேல புள்ளி, எல்லாம் ஒரே எடத்துல.

"பாத்தீங்களா டீச்சரம்மா! உங்க கம்பூட்டரே சொல்லுது, நிக்குதுன்னு! நான் சொன்னா மட்டும் ஊரே என்னைய மொறைக்குது!"

எனக்கு வந்த சந்தோசத்தப் பாக்கோணுமே. சந்தோசம்னு இல்ல. ஒரு இது. நான் சொன்னது செரியாப் போச்சுங்கற இது.

டீச்சரு முக்காலிய என்ற பக்கமாத் திருப்பிப் போட்டுக்கிட்டாங்க. அப்பறம் சொன்னாங்க, "இல்ல பாட்டி. ஆறு ஆரமும் பாக்க ஒரே மாதிரி இருக்குது. கேமரா ஒரு படம் எடுத்து அடுத்த படம் எடுக்கறதுக்குள்ள, இந்த ஆரம் நகந்து அடுத்த ஆரம் இருந்த எடத்துக்கு வந்து நின்னுக்குது. கம்பூட்டருக்கு ஆளு மாறுனது தெரியல. அது பழைய ஆளுன்னே நெனச்சுக்குது. நம்ம கண்ணும் அப்படித்தான்."

எனக்கு எங்கூட்டுக்காரரு நெனப்பு வந்துருச்சு. கல்யாணமான புதுசுல டெண்டுக் கொட்டாய்க்குக் கூட்டீட்டுப் போவாரு. தரையில மணலக் குமிச்சு வெச்சு உக்காருவோம், பின்னாடி இருக்கறவிய வைவாங்க, கொண்டைய எறக்கு கொண்டைய எறக்குன்னு. அதுல குதிர வண்டி முன்னால ஓடும், சக்கரம் பின்னால சுத்தும். நான், "ஏனுங்க, வண்டி இப்படிப் போவுது சக்கரம் அப்படிப் போவுதே"ம்பேன். "சும்மா கெட, படம் அப்படித்தான்"ம்பாரு. முட்டாயி வாங்கித் தருவாரு. இத டீச்சருகிட்டச் சொன்னேன் பாரு, அவிய துள்ளிட்டாங்க. "அதேதான் பாட்டி! அதேதான் இது!" அதெப்படி கண்ணு அதேதானாவும்? அது சினிமா. பொய்க்கு எடுக்கறது. இது மில்லுல நடந்தது.

அப்பறம் டீச்சரு படத்தப் பெருசு பண்ணி, ஒண்ணே ஒண்ண நிறுத்துனாங்க. நிறுத்துனதுக்கு அப்பறம் பாத்தா, பொட்டு ஆறு இல்ல. ஒண்ணு. மேல இருக்குது. அடுத்த படத்துக்குத் தள்ளுனாங்க. பொட்டு பக்கத்து ஆரத்துல. அடுத்தது. அதுக்கும் பக்கத்துல. கீழ. அப்பறம் இந்தப் பக்கம். திரும்ப மேல. ஒரே பொட்டு ஆறு எடத்துலயும் மாறி மாறி நின்னதுதான், படம் ஓடறப்ப மங்கலா ஆறாத் தெரிஞ்சிருக்குது. டீச்சரு திரும்பிப் பாத்து, "எத்தன பொட்டு வெச்சீங்க திலகமணி?"ன்னாங்க.

"ஒண்ணு."

"ஒண்ணேதானா? நல்லா நெனச்சுச் சொல்லுங்க. மில்லுக்காரங்க ஆறு வெச்சோம்னு சொல்லுவாங்க."

"ஒண்ணுதான் டீச்சர். குங்குமம் தீந்து போச்சு. அத்தைகூடப் பாத்தாங்க. ஏன் ஒண்ணோட நிறுத்தீட்டன்னு கேட்டாங்க."

ரெண்டு பேரும் என்னையப் பாக்கறாங்க. நான் என்ன சொல்றது? ஆமா, ஒண்ணுதான். நான்தான் கேட்டேன். மேனேஜரு ரூமுல ஆறப் பாத்தப்ப அது எனக்கு நெனப்பு வரல. அந்தக் குளுருல ஒண்ணும் நெனப்பு வரல. டீச்சரு அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் கையாலயே புள்ளி வெச்சாங்க. பொட்டுமேல புள்ளி, அடுத்த படம், பொட்டுமேல புள்ளி. கடைசியில பாத்தா அத்தனையும் சேந்து வளையலு மாதிரி வட்டமா நிக்குது. "முழு வேகத்துல ஓடியிருக்குது"ன்னு சொல்லிக் கம்பூட்டர மூடுனாங்க. திலகமணி அப்பத்தான் முதல் தடவையா அழுதா. ஆஸ்பத்திரியிலகூட அழல.

நானும் அழுதேன். செயிச்சாச்சுன்னு நெனச்சேன்.

போறப்ப டீச்சரு ஒண்ணு கேட்டாங்க. "இத்தன பெரிய சக்கரத்துக்குக் கூண்டே இல்லையா? படத்துல வெறுஞ்சக்கரமா நிக்குதே?" திலகமணி, "பூசைக்குக் கழட்டுனாங்க டீச்சர். திருப்பி மாட்டல"ன்னா. சாக்க எடுத்து ஒதறி மடிச்சு வெச்சா. டீச்சரு அந்தக் கூண்டு மேலயே கைய ஊனி எந்திரிச்சுப் போனாங்க.

கேசு அன்னைக்கு என்னையும் சாட்சிக்குக் கூப்புட்டாங்க. கோயமுத்தூருக்கு பஸ்ஸுல போறப்ப சன்னலோரமா உக்காந்திருந்த திலகமணி சொன்னா, "அத்தை, கேக்கறதுக்கு உள்ளத உள்ளபடி சொல்லிருங்க." "அதுக்குத்தான சாமி வர்றேன்"ன்னேன். எனக்குன்னு ரெண்டு இட்டிலி கட்டி எடுத்துட்டு வந்திருந்தா, ஒத்தக் கையில. பொட்டலம் பிரிஞ்சு பிரிஞ்சு போச்சு. நான்தான் நூலச் சுத்துனேன்.

கேச விசாரிக்கற லேபர் ஆபீசரு, டீச்சரு கொண்டாந்த படத்தப் பாத்தாரு. ரெண்டு தடவ பாத்தாரு. "சரி, மிஷினு ஓடிக்கிட்டுத்தான் இருந்திருக்குது"ன்னாரு. மேனேஜரு மூஞ்சி சுண்டிப் போச்சு. அப்பத்தான் கம்பெனி வக்கீலு எந்திரிச்சான். ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு. "ஓடுனதுன்னே வெச்சுக்கலாம் ஐயா. ஆனா நாங்க கூண்டு மாட்டித்தான் வெச்சிருந்தோம். நாரு ஈசியா எடுக்கறதுக்காக இந்தம்மாவே கழட்டியிருக்காங்க. பாதுகாப்புக்கு வெச்சதத் தானே கழட்டுனா நட்ட ஈடு கெடையாது, சட்டத்துலயே இருக்குது. அதோட அந்தக் கூண்டே இப்ப மில்லுல இல்ல. கழட்டி எங்கயோ பழைய இரும்புக்குப் போட்டிருக்காங்க. அதுக்குத் தனியாப் போலீசுல எழுதிக் குடுக்கப் போறோம்"னான்.

போலீசுன்னதும் நான் முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டேன் கண்ணு.

என்னையக் கூப்புட்டாங்க. எங்க வக்கீலு கேட்டாரு, "பூசைக்குப் போனீங்களா?" போனேன். "கூண்டக் கழட்டுனது ஆரு?" மில்லுக்காரங்கதான். "எங்க வெச்சாங்க?" செவுத்துல. எல்லாம் உள்ளதுதான சொன்னேன்? ஒரு வார்த்த மாத்தல. அப்பறம் அந்தக் கண்ணாடிக்காரன் வந்தான். "பூசை முடிஞ்சு திருப்பி மாட்டுனாங்களா இல்லையா? அந்தக் கூண்டு அப்பறம் என்னாச்சு, உங்களுக்குத் தெரியுமா?"ன்னான்.

திலகமணி என்னையப் பாக்கறா. கோவமாப் பாக்கல. தர்ஷினி பள்ளிக்கூடத்துல பாட்டுச் சொல்ல மேடையேறுனப்ப இவ கீழ இருந்து ஒரு பார்வ பாத்தா, அடுத்த வரி வந்துரும் வந்துரும்னு. அந்த மாதிரி.

"எனக்குத் தெரியாதுங்க சாமி"ன்னேன்.

என்ன பண்ணச் சொல்ற? எங்கூட்டுல இருக்குதுன்னு சொன்னா ஆரு திருடி? நான் திருடி. ரங்கண்ணன் வேல போயிரும், அவருக்குப் பொண்ணு ரெண்டு கட்டிக் குடுக்கக் கெடக்குது. இந்த வயசுல என்னையப் போலீசு வண்டியில ஏத்துனா மாராத்தா தெருப் பூரா தண்டோரா போட மாட்டாளா? அதுவுமில்லாம, மிஷினு ஓடுச்சுன்னுதான் ஆபீசரே ஒத்துக்கிட்டாரே. அது போதும்னு நெனச்சேன். இந்தக் கூண்டுல என்ன வந்துச்சு.

அவன் உடல. "இந்தம்மா நின்ன சக்கரத்துல கைய உட்டாங்கன்னு ஊருல சொன்னது நீங்கதான?"ன்னான். அதுக்கு ஆமான்னேன். அது உள்ளதுதான?

கேசு தள்ளுபடி. பூசைக்கு அப்பறம் மாட்டுன கூண்ட அவளேதான் கழட்டுனான்னு ஆபீசரு எழுதிப்போட்டாரு. டீச்சரு வராண்டாவுல நின்னு, "வேகத்தக் காட்டிட்டேன். கூண்டக் காட்ட என்கிட்டப் படம் இல்லையே. கேமராவுல இருந்த பழைய நாள் படமெல்லாம் அழிஞ்சு போச்சே"ன்னு தலையில கை வெச்சுக்கிட்டாங்க. திலகமணி அப்பக்கூட வாயத் தொறக்கல. அவ சொல்லியிருக்கலாமில்ல? இந்தாங்க, என்ற மாமியா கோழிய மூடி வெச்சிருக்கறான்னு எல்லாத்துக்கும் முன்னால சொல்லியிருக்கலாமில்ல? நானா வாயப் பொத்துனேன்? கனகராசு என்ன சொல்றான் தெரியுமா? "அவளாச் சொன்னா உன்னையக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும்னு இருந்தா. நீயாச் சொல்லுவீன்னு இருந்தா"ங்கறான். எனக்கு அதெல்லாம் வெளங்கல.

ஊட்டுக்கு வந்தோம். அவ நேரா கூண்டுகிட்டப் போனா. ஒத்தக் கையில அத இழுத்து, கோழியெல்லாம் செதறி ஓட, தெருப்பக்கம் இருக்கற செவுத்துல சாத்தி வெச்சா. மில்லுல சாஞ்சு கெடந்த மாதிரியே. வெச்சுப்போட்டுப் புள்ளையக் கூட்டீட்டு, துணியக் கட்டிக்கிட்டுப் பொறந்த ஊட்டுக்குப் போயிட்டா. அன்னைக்குப் பாத்து அந்தக் கீரி வந்துருச்சு கண்ணு. குஞ்சோட சேத்து எல்லாம் போச்சு. வாயில்லா சீவனுங்க. அது அவளுக்குத் தோணியிருக்க வேண்டாமா?

இப்ப மறுபடியும் மெட்ராஸுக் கோர்ட்டுல போடறாங்களாமா. டீச்சரு எனக்கு ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க, "கூண்டப் பத்தி எதாச்சும் தெரிஞ்சா சொல்லுங்க பாட்டி"ன்னு. அவியளுக்கு இன்னும் தெரியாது பாரு, எதுமேல கம்பூட்டர வெச்சாங்கன்னு. திலகமணி சொல்லல.

நான் சொல்ல மாட்டேன்னு சொல்லல கண்ணு. அவ கேக்கட்டும். அத்தை, சொல்லுங்கன்னு வாயத் தொறந்து கேட்டா நான் சொல்லாமயா போயிருவேன்? நான் மாமியா. நானாப் போயி அவ காலுல உளுவோணுமா? இன்னைக்குப் போறப்ப முறுக்கக் குடுத்துப்போட்டு, சித்த நேரம் உக்காந்து, அவ ஒரு வாய் தண்ணி குடுத்தா, அப்ப, எதாச்சும் பேச்சு வந்தா...

என்னது? பிரிவு வந்துருச்சா? அதுக்குள்ளயா?

இரு, இரு கண்ணு, சன்னலத் தள்ளு. அங்க புளியமரத்துக்கிட்ட நிக்கறது ஆரு? திலகமணியேதான். சந்தைக்குப் போறாளாட்ட இருக்குது, கட்டப்பையோட நிக்கறா. இந்த பஸ்ஸுக்குத்தான் நிக்கறா. பக்கத்துல நிக்கறது என்ற தர்ஷினி. வளந்துட்டா பாரு. கவுனு முட்டிக்கு மேல போயிருச்சு.

எறங்கறேன் கண்ணு, எறங்கறேன். காலு மரத்துப் போச்சு. கண்டக்டரு, சித்த நில்லுங்க சாமி.

ஏற வந்தவ நின்னுட்டா. பாத்துட்டா என்னைய. புள்ளையும் பாத்துட்டா. அப்பத்தாங்குது, கேக்குதா? கையாட்டுது பாரு.

படியில இருந்து காலப் பின்னால எடுத்துட்டா. பையக் கீழ வெக்கறா. ஏன் வெக்கறா? இருக்கறது ஒரு கை. பையக் கீழ வெச்சுப்போட்டு, அந்தக் கையில புள்ளையோட மூஞ்சியப் புடிச்சு அக்கட்டால திருப்பறா.

கண்டக்டரு, எறங்கறதுக்கு ஆளில்லைங்க. வண்டிய எடுக்கச் சொல்லுங்க.